உடனிருக்கும் மருத்துவர்

8 ஜனவரி, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் கொடுக்கும் டைரியை நர்ஸ்களிடம் தள்ளிவிடுவதுதான் என் வழக்கம். இந்த வருஷம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அத்தானுக்கு உள்ளே என்ன போகிறது, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று எழுதி வைக்கும்படி நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். எழுதித்தான் பார்க்கிறேன்.

கேஸ் ஷீட் பாணியிலேயே ஆரம்பிக்கலாம். பெயர் நம்பிராஜன், வயது ஐம்பத்தெட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியில் வளர்ச்சி அதிகாரி. டிசம்பர் முதல் வாரம் பக்கவாதம். வலது கையும் காலும் பலவீனம். பேச்சு இல்லை, புரிதல் உண்டு. விழுங்கினால் நுரையீரலுக்குள் போகிறது என்பதால் மூக்கு வழியாகக் குழாய். உடனிருப்பவர்: மனைவி, டாக்டர் ஆவுடைநாயகி, அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைத் துறையின் தலைவர்.

இன்று தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. பேச்சுப் பயிற்சிக்கும் விழுங்கல் பயிற்சிக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போக முடிவு. எங்கள் துறையில் ஜெபமலர் இருக்கிறாள். பேச்சுப் பயிற்சியாளர், முப்பத்து நான்கு வயது. அவளை வேலைக்கு எடுத்த இன்டர்வியூ போர்டில் நானும் இருந்தேன். திங்கட்கிழமை என்றால் தாமதமாகத்தான் வருவாள். செல்போன் ரிங்டோன் வார்டு முழுக்கக் கேட்கும். வேலை சுத்தமாக இருக்கும்.

காலை கஞ்சி, மதியம் பால், மாலை கஞ்சி. இருமல் இல்லை.

11 ஜனவரி, வியாழன்

முதல் நாள் பயிற்சி. வெளிநோயாளிகளை அருளிடம் ஒப்படைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அருள் என் உதவி மருத்துவர். துறையில் இருப்பதே நாங்கள் இருவர்தான், மூன்றாவது பணியிடம் காலியாகக் கிடக்கிறது.

ஜெபமலர் படங்கள் ஒட்டிய அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள்.

“சாருக்கு டீயா காப்பியா மேடம்?”

“காப்பி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

அத்தான் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். இடது கையை மெல்ல நகர்த்தி, கண்ணாடி கிளாஸில் டீ இருக்கும் அட்டையின் மேல் விரலை வைத்தார்.

“சார் டீங்காரு மேடம்.”

“இருபத்தேழு வருஷமா வீட்ல காப்பிதான் குடிக்காரு.”

“நீங்க போட்டுக் குடுத்திருப்பீங்க, குடிச்சிருப்பாரு,” என்று சொல்லிச் சிரித்தாள். அத்தானும் சிரித்தார். வாய் ஒரு பக்கம் இறங்கிப்போன சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. வீட்டுக்கு வந்த பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

அடுத்து அவள் சொன்னதுதான் எரிச்சல். “மேடம், தப்பா எடுத்துக்கிடாதீங்க. வீட்டாளுங்க வெளிய இருந்தா இவங்க இன்னும் நல்லாப் பண்ணுவாங்க. எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுதேன்.”

என் துறை, என் மாடி. வராந்தா பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவர் என்னிடம் டோக்கன் எங்கே வாங்குவது என்று கேட்டார்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். பெங்களூரிலிருந்து மகள் நாச்சியார் வீடியோவில் வந்து அப்பாவிடம் பேசினாள். அவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரைப் பொங்கல் வைத்தேன், வீட்டில் நெய் வாசனை. அவருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. நான் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன், அவர் கண்ணில் படாமல்.

19 ஜனவரி, வெள்ளி

சென்னையிலிருந்து ஃபோன். விழுங்கல் பரிசோதனையைப் பேச்சுப் பயிற்சியாளர்கள் தாமாகவே செய்யலாமா என்று முடிவுசெய்யச் சுகாதாரத் துறை ஒரு குழு போட்டிருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சார்பில் நான்.

பரிசோதனை பெரிய விஷயமில்லை. மெல்லிய ஸ்கோப்பை மூக்கு வழியாகத் தொண்டை வரை இறக்கி, பச்சைச் சாயம் கலந்த கஞ்சியை விழுங்கச் சொல்லி, அது உணவுக் குழாய்க்குப் போகிறதா, மூச்சுக் குழாய்க்குப் போகிறதா என்று திரையில் பார்ப்பது. அதைப் பார்த்துத்தான் மூக்குக் குழாயை எடுக்கலாமா என்று முடிவு செய்வோம். ஸ்கோப்பை யார் இறக்குவது என்பதில்தான் சண்டை. இன்றுவரை சட்டத்தில் தெளிவு இல்லை. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் இஷ்டத்துக்குச் செய்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக ஜெபமலர்தான் செய்கிறாள். சொல்லிக்கொடுத்தது நான். முதலில் கூட நின்றேன். பிறகு கீழே வெளிநோயாளிக் கூட்டம், நிற்க நேரமில்லை. கூப்பிட்டால் போவேன். அவள் கூப்பிட்டதே இல்லை.

24 ஜனவரி, புதன்

இதை எழுதாமல் தூக்கம் வராது.

பயிற்சி அறைக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே அத்தான் குரல். பேசுகிறார். தடுக்கிக்கொண்டு, ஆனால் வாக்கியமாக.

“வருஷத்துக்கு ஒரு தடவ... கட்டினா போதும். பிள்ளைக்கு... படிப்புக்கு ஆச்சு. இங்க ஒரு கையெழுத்து போடுங்க.”

கடைசி வாக்கியத்தில் தடங்கலே இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி வந்தது. கதவைத் திறந்தேன். ஜெபமலர் வாடிக்கையாளர் மாதிரி எதிரே உட்கார்ந்து, கையில் பேனாவோடு, “எங்க சார், இங்கயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மேசையில் விரலால் இடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“ஆயிரம் தடவ சொன்ன பேச்சு வேற இடத்துல இருக்கும் மேடம். எண்ணு சொல்லுறது, சாமி கும்பிடுறது, வையிறதெல்லாம் அடி படாம இருக்கும். சார் யாவாரம் பேசுனவருல்லா? அதான் எனக்கு ஒரு பாலிசி குடுங்கன்னு கேட்டுப் பாத்தேன்.”

எனக்கும் தெரிந்த விஷயம்தான். படித்திருக்கிறேன், மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். ஆனால் கேட்கத் தோன்றவில்லை.

இரவு சாப்பாட்டு மேசையில் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். “எனக்கு ஒரு பாலிசி குடுங்க அத்தான்.” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒருவேளை களைப்பாக இருக்கும். ஆபீஸ் பேச்சை ஆபீஸோடு விட்டுவிட்டு வாருங்கள் என்று நான்தான் அந்தக் காலத்தில் சொல்லி வைத்திருந்தேன். பகல் முழுக்கத் தொண்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு ராத்திரியும் ஒரு தொண்டை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

25 ஜனவரி, வியாழன்

கஞ்சி, பால், கஞ்சி. இருமல் இல்லை. ஜெபமலருக்குப் புது மஞ்சள் ஷூ.

2 பிப்ரவரி, வெள்ளி

குழு விஷயம் ஜெபமலருக்கும் தெரிந்துவிட்டது. மதியம் வெளிநோயாளிப் பிரிவுக்கே இறங்கி வந்தாள்.

“மேடம், நீங்க போறீங்கன்னு கேட்டதும் எங்க சங்கத்துல எல்லாருக்கும் உயிர் வந்துட்டு. கோயம்புத்தூர்லருந்து கதிரவன் சார் எங்க சார்பா வாராரு. நம்ம ஆஸ்பத்திரியப் பத்திக் கேப்பாங்க. நீங்க சொன்னா போதும்.”

“என்ன சொல்லணும்?”

“நடக்கதச் சொல்லுங்க மேடம். வேற என்ன.”

கையில் கடலை மிட்டாய் வைத்திருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். வாங்கி மேசையில் வைத்தேன். நோயாளியின் பெண்டாட்டி என்கிற முறையில் எனக்கு இந்தக் குழுவில் இடம் கிடையாது என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் அதை யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

5 பிப்ரவரி, திங்கள்

காலை. பல் துலக்கி, முகம் துடைத்து, சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார், விரித்தார். கழுத்து நரம்பு புடைக்க ஒரு வார்த்தை வந்தது.

“மலரு.”

பயிற்சிக்குப் போக நேரமாயிற்றா என்று கேட்கிறார். வேறொன்றுமில்லை. ‘ம’ உதட்டில் பிறக்கும் எழுத்து, மற்றவற்றைவிட எளிது என்று எனக்கும் தெரியும்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டேன். கழற்றித் திரும்பப் போட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், தலையில் பாதி நரையோடு, துறைத் தலைவர் என்று கதவில் பலகை மாட்டிக்கொண்டு, ஒரு பேச்சுப் பயிற்சியாளர்மேல் பொறாமைப்படுகிறேன். எழுதிவிட்டேன். எழுதியதால் கொஞ்சமும் குறையவில்லை. அவள்மேல் ஆசைப்பட்டுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை, அப்படி நினைத்தால்கூடச் சண்டை போட வழி இருந்திருக்கும். அவளிடம் அவர் முயற்சி செய்கிறார். என்னிடம் செய்வதில்லை. அவ்வளவுதான்.

7 பிப்ரவரி, புதன், சென்னை

குழுக் கூட்டம். நீள மேசை, ஏழு பேர், நடுவில் பிஸ்கட் தட்டு. இணை இயக்குநர் தலைமை. மூன்று மருத்துவர்கள், ஒரு வக்கீல், துறை அலுவலர் ஒருவர், பயிற்சியாளர்கள் சார்பில் கதிரவன்.

முதலில் கதிரவன் பேசினார். எத்தனை மாவட்டங்களில் பயிற்சியாளர் இருக்கிறார், எத்தனையில் தொண்டை மருத்துவர் ஓய்வாக இருக்கிறார், பரிசோதனைக்குக் காத்திருந்தே எத்தனை பேர் மூக்குக் குழாயோடு மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். நல்ல தயாரிப்பு. நல்ல தயாரிப்புகளைக் கூட்டங்களில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மயக்க மருந்து நிபுணர் கேட்டார், “நாளைக்கு ஒருத்தருக்குத் தொண்டை இறுகி மூச்சு நின்னுச்சுன்னா யார் பொறுப்பு?” அதற்கு எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

வக்கீல் சொன்னார், “பொறுப்புன்னா ஒரு பேர் வேணும். ஒரு கையெழுத்து வேணும்.”

இப்படித்தான் தீர்மானமாகிறது, யார் எதைச் செய்யலாம் என்பது. படிப்பு எவ்வளவு, பயிற்சி எவ்வளவு என்றெல்லாம் காலையில் பேசுகிறார்கள். மதியச் சாப்பாடு நெருங்கும்போது யார் ஒரு பயத்தைச் சொல்கிறாரோ அவர் பக்கம் மேசை சாய்ந்துவிடுகிறது.

வரைவில் இருந்த வரி இது: பயிற்சியாளர் தாமாகவே செய்யலாம், மருத்துவமனை வளாகத்துக்குள் அழைத்தால் வரும்படியாக ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். இணை இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

“டாக்டர், உங்க ஆஸ்பத்திரிலதான் இது அதிகமா நடக்குது. உங்க நடைமுறை என்ன?”

கதிரவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

“ஒரு டாக்டர் எப்பவும் பக்கத்துல இருப்போம்,” என்றேன்.

“பக்கத்துலன்னா? ரூம்ல?”

“ஆமா. ரூம்ல.”

பிறகு நானே சொன்னேன், “அழைத்தால் வரும்படி” என்பதை எடுத்துவிட்டு “மருத்துவர் அறையில் உடனிருக்கும்போது மட்டும்” என்று போடலாம் என்று. நோயாளியின் பாதுகாப்பு என்றேன். மயக்க மருந்து நிபுணர் மேசையைத் தட்டினார். வக்கீல் எழுதிக்கொண்டார். பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று அவரும் ஒன்றைச் சேர்த்தார். ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவேடுகளைப் பார்த்து மறுபரிசீலனை. இணை இயக்குநருக்கு ஏக சந்தோஷம், சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்.

கதிரவன் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

8 பிப்ரவரி, வியாழன்

ரயிலில் யோசித்துப் பார்த்தேன். சொன்னதில் தவறு இல்லை. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் என்ன தூரம்? தொண்டை இறுகினால் மாடிப்படி ஏறுகிற நேரம் முக்கியம். எந்தப் பாடப் புத்தகமும் எச்சரிக்கையாகத்தான் இருக்கச் சொல்லும். மூன்று வருஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பது இனியும் நடக்காது என்பதற்கு உத்தரவாதமா?

வீட்டுக்கு வந்ததும் அத்தான் என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எங்கே போனேன் என்று கேட்க நினைத்தார் போல. கேட்க வரவில்லை. நானும் சொல்லவில்லை.

கஞ்சி, பால், கஞ்சி.

1 மார்ச், வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக ஓர் அரசு உத்தரவு வந்து நான் பார்த்ததில்லை. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் எதையும் வெளியிட முடியாது என்று அவசரமாகக் கையெழுத்தாகியிருக்கிறது. நான் சொன்ன வரி, நான் சொன்னபடியே, மூன்றாவது பத்தியில்.

4 மார்ச், திங்கள்

ஜெபமலர் இன்று நேரத்துக்கு வந்திருந்தாள். உத்தரவின் நகல் கையில் இருந்தது.

“மேடம், இந்த வரி வரைவுல இல்லையே. யாரு சேத்தாவ?”

“குழு.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா மேடம்?”

“ஏழு பேர்ல நான் ஒருத்தி.”

“சரி மேடம். ஒத்தையா நீங்க என்ன செய்ய முடியும்,” என்றாள். காகிதத்தை நான்காக மடித்துக் கோட் பைக்குள் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

11 மார்ச், திங்கள்

அருளைத் தேர்தல் முடியும் வரை வேறு பணிக்குப் போட்டுவிட்டார்கள். துறையில் நான் ஒருத்தி. காலை முழுக்க வெளிநோயாளிகள், செவ்வாயும் வெள்ளியும் ஆபரேஷன் தியேட்டர். ஜெபமலர் தினமும் வந்து நிற்கிறாள், “மேடம், ஒரு கேஸ். வாரீங்களா?” இரண்டு தடவை போனேன். மற்ற நாளெல்லாம் போக முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பணகுடியிலிருந்து ஓர் ஆள் தன் அண்ணனைக் கூட்டி வந்திருந்தார், ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் ஏற்றி. மூக்குக் குழாய் போட்டு நாலு மாதமாகிறதாம். நான் தியேட்டரில் இருந்தேன். பார்க்காமலேயே திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறாளாம்.

“வருவாங்களா?” என்று கேட்டேன்.

“எப்பிடி வருவாங்க மேடம்,” என்றாள் ஜெபமலர், “ஒரு நாள் கூலிய விட்டுட்டு.”

14 மார்ச், வியாழன்

நரம்பியல் மருத்துவர் அத்தானைப் பார்த்துவிட்டு, பரிசோதனை செய்து பாருங்கள், குழாயை எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்கிறார். மூக்கு ஓரம் புண்ணாகிவிட்டது. போன வாரம் தூக்கத்தில் ஒரு தடவை குழாயைப் பிடுங்கிவிட்டார். இனியும் தள்ளிப்போட முடியாது. உதட்டுக்கு வெளியே வழியாத அளவுக்கு எச்சில் விழுங்குகிறார் என்று ஜெபமலரும் சொல்கிறாள்.

குழாய் போனால் பாதி உயிர் திரும்பின மாதிரி. டீ குடிக்கலாம். இட்லியைப் பிசைந்து சாப்பிடலாம். நாலு மனிதரோடு உட்காரலாம்.

அருள் இல்லை. ஆகவே உடனிருக்கும் மருத்துவர் நான்தான். செவ்வாய்க்கிழமை தியேட்டரை ஒத்திவைத்துவிட்டேன்.

ஒன்றை எழுத வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயிற்சி ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை என்னை வெளியே இருக்கச் சொல்ல யாராலும் முடியாது. அரசாங்கமே சொல்லிவிட்டது. அவர் முதல் வாய் விழுங்கும்போது நான் அங்கே இருப்பேன். அவள் மட்டும் இல்லை.

19 மார்ச், செவ்வாய்

முழுவதும் எழுதிவிடுகிறேன்.

ஜெபமலர் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். ஸ்கோப், திரை, பச்சைச் சாயம் கலந்த கஞ்சி. பக்கத்தில் ஒரு கண்ணாடி கிளாஸில் டீ. வாசலில் இருக்கும் கடையிலிருந்து வாங்கி வந்து, கெட்டியாக்கும் பவுடர் கலந்து, அதிலும் பச்சைச் சாயம் போட்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே வந்து அவர் வலது பக்கம் நின்றேன். அவர் டீயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

ஸ்கோப் இறங்கியது. அதற்கு அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை. ஜெபமலர் கஞ்சிக் கரண்டியை நீட்டினாள். “வாயத் தொறங்க சார்.” திறக்கவில்லை. வலது உதட்டோரம் எச்சில் வழிந்தது. என் கை தானாகப் போய்த் துண்டால் துடைத்தது. அவர் முகத்தைத் திருப்பினார், ஸ்கோப்போடு சேர்த்து. ஜெபமலர் சட்டென்று அதை வெளியே இழுத்துவிட்டாள்.

அவர் இடது கையைத் தூக்கினார். என்னைக் காட்டினார். பிறகு கதவைக் காட்டினார்.

“வெளிய.”

டிசம்பருக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

“சார், மேடம் இருக்கணும் சார். கவர்மெண்டு உத்தரவு,” என்றாள் ஜெபமலர்.

“வெளிய.” துண்டை என்னிடமிருந்து பிடுங்கி வாயை மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

ஜெபமலர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிவந்து மெதுவாகச் சொன்னாள். “வாய் கோணிக்கிட்டு, ஒழுக்கிக்கிட்டு, இருமிக்கிட்டு... அத நீங்க பாக்கது அவருக்குக் கூச்சமா இருக்கு மேடம். நான் பாத்தா ஒண்ணுமில்ல. நான் யாரு?”

நான் கதவைப் பார்த்தேன்.

“அருள் சார் வந்த பெறவு வச்சிக்கிடலாமா?”

அருள் வர இரண்டு மாதமாகும். அதுவரை அந்தக் குழாய். மூக்கோரத்துப் புண். டீ கிளாஸில் ஆறிக்கொண்டிருந்தது.

“நீ பண்ணு,” என்றேன். “நான் வெளியே இருக்கேன்.”

“ரூல்படி நீங்க ரூம்ல இருக்கணுமே மேடம்.”

“மூணு வருஷமா அப்படித்தானே பண்ணின.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. “சரி மேடம். ஒரு டாக்டர் எப்பவும் பக்கத்துல இருந்தீங்கன்னு எழுதிருவோம்.”

நான் குழுவில் சொன்ன அதே வார்த்தைகள். கதிரவன் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கிறார். நகலை எடுத்துக்கொண்டு வந்து யார் சேர்த்தார்கள் என்று கேட்டபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒத்தையா நீங்க என்ன செய்ய முடியும் என்றாள். தெரிந்துகொண்டுதான் தினமும் அத்தானோடு அந்த மேசையில் உட்கார்ந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பணகுடி ஆளும் அவர் அண்ணனும் இருந்தார்கள். வந்துவிட்டார்கள். அந்த அண்ணனின் மூக்கிலும் அதே குழாய், அதே பக்கம் பிளாஸ்திரி. “உள்ள உங்க வீட்டுக்காரராம்மா?” என்று தம்பி கேட்டார். ஆமாம் என்றேன். “ஒண்ணும் ஆவாது, அந்தப் பிள்ள நல்லாப் பாக்கும்,” என்றார்.

உள்ளே ஓர் இருமல். எழுந்து நின்றுவிட்டேன். பிறகு சத்தமில்லை. பிறகு ஜெபமலரின் குரல், “இன்னொரு வாய் சார். மெள்ள.” பிறகு அவள் சிரிப்பு. பிறகு அவர் சிரிப்பு. அந்த நேரத்தில் அவளை நான் வெறுத்தேன். கதவை இடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் போல இருந்தது. போகவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்தது எனக்கு வேண்டியிருந்தது.

கூப்பிட்டாள். போனேன். பதிவான காட்சியைத் திரையில் ஓட்டிக் காட்டினாள். பச்சைக் கஞ்சி நாக்கின் அடிவழியாக இறங்குகிறது, மூச்சுக் குழாய் மூடுகிறது, கஞ்சி சரியான பக்கம் போகிறது. டீ ஒரு தடவை ஓரத்தில் தயங்குகிறது, இருமித் தள்ளிவிட்டுச் சரியாகப் போகிறது. முகத்தை என்னிடம் காட்டாதவரின் தொண்டையை முழுக்கப் பார்த்தேன். இரண்டு தடவை ஓட்டச் சொன்னேன். மருத்துவராக ஒரு தடவை போதும்.

“குழாயை எடுத்துடலாம்,” என்றேன். எடுத்தாள். அவர் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பதிவேட்டை என் முன்னால் வைத்தாள். புதிதாக அச்சடித்து வந்தது. நோயாளி பெயர், பரிசோதனை செய்தவர், முடிவு. கடைசியில் ஒரு வரி: பரிசோதனை முழுவதும் மருத்துவர் அறையில் உடனிருந்தார். அதன் கீழே கையெழுத்துக்கு இடம்.

பேனாவைத் திறந்தேன். ஆறு மாதம் கழித்து இந்தப் பதிவேட்டைத்தான் கேட்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் மருத்துவர் உடனிருந்தார் என்று இருக்கும். விதி நன்றாக வேலை செய்கிறது, அப்படியே தொடரலாம் என்று அந்த மேசையில் முடிவெடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். போடாவிட்டால் ஜெபமலர் விதியை மீறி ஒரு நோயாளிக்கு ஸ்கோப் போட்டவள். வேலை போகும். வெளியே பணகுடிக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். ஜெபமலர் ஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் பார்க்காமல்.

பேனா அப்படியே நின்றது.

அத்தான் என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையை நீட்டி, அந்த வரிக்குக் கீழே, சரியான இடத்தில், விரலால் தட்டினார். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாளும் மரியாதைப் பன்மையில் கூப்பிட்டதில்லை.

“இங்க ஒரு கையெழுத்து போடுங்க,” என்றார். ஒரு தடங்கலும் இல்லாமல்.

போட்டேன்.